வால்வைத் திருகினால் பிரஷர் ஏறுகிறது, வேகம் மட்டும் குறையவில்லை: ஏன்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். கேட்டவரிடம் ஒரு சின்ன பவர் பேக் (மோட்டார், பம்ப், ஆயில் டேங்க் எல்லாம் சேர்ந்த ஹைட்ராலிக் யூனிட்) இருக்கிறது. 14 சிசி கியர் பம்ப், 1440 ஆர்பிஎம் மோட்டார், 160 பாரில் செட் செய்த ரிலீஃப் வால்வு (பிரஷர் அந்த அளவைத் தொட்டதும் திறந்து ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடுவது), 63 மி.மீ. போர் (உள்விட்டம்) சிலிண்டர். சுமையைத் தள்ளும்போது சிலிண்டருக்கு 40 பார் வேண்டியிருக்கிறது. சிலிண்டர் வேகமாகப் போகிறதே என்று பம்பிலிருந்து சிலிண்டருக்குப் போகிற டெலிவரி லைனில் ஒரு நீடில் வால்வை (ஊசி முனையால் வழியைக் குறுக்குகிற வால்வு) போட்டிருக்கிறார். மூடிக்கொண்டே வந்தால் பம்ப் பக்கத்துக் கேஜ் ஏறுகிறது, சிலிண்டர் வேகம் அப்படியே இருக்கிறது. ஒரு கட்டத்தில் இன்னும் அரைச் சுற்று திருகினதும் வேகம் சட்டென்று விழுகிறது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் டேங்கில் கை வைக்க முடியாத சூடு. "குறுகலான இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்றுதானே பாலிடெக்னிக்கில் படித்தோம்? இங்கே அழுத்தம் ஏறுகிறதே, எது சரி?" என்று கேட்கிறார்.

படித்ததும் சரி, கேஜ் காட்டுவதும் சரி. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். அதற்குப் போகும் முன் பம்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

கியர் பம்ப் என்பது படியால் நெல் அளந்து கொட்டுகிற மாதிரி. பல்லுக்கும் உறைக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு குழியும் ஒரு படி. ஒரு சுற்றுக்கு 14 சிசி அளந்து முன்னால் கொட்டும். 1440 சுற்றுக்கு, அதாவது நிமிடத்துக்கு, ஏறக்குறைய 20 லிட்டர். உள்கசிவில் கொஞ்சம் போகும், கணக்குக்கு 20 என்றே வைத்துக்கொள்வோம். முன்னால் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. டெலிவரி ஹோஸைக் கழற்றி டேங்குக்குள்ளேயே விட்டுப் பாருங்கள். 20 லிட்டரும் கொட்டும், கேஜ் முள் பூஜ்யத்தை விட்டுப் பெரிதாக எழுந்திருக்காது. அதே பம்ப், அதே மோட்டார்தான். வழியில் ஏதாவது மறித்தால்தான் பிரஷர் என்ற ஒன்று பிறக்கிறது. எவ்வளவு மறிப்போ அவ்வளவு பிரஷர்.

இப்போது வால்வைத் திருகுவோம். நீடில் வால்வின் திறப்பை ஒரு வட்ட ஓட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை 4 மி.மீ. அளவில் இருந்தால் 20 லிட்டரை அதன் வழியே தள்ள 8 பார் போதும். 3 மி.மீ. என்றால் 25 பார். 2 மி.மீ. என்றால் 127 பார். 1.5 மி.மீ. என்றால் 400 பாருக்குக் கொஞ்சம் மேலே. ஆயிலின் அடர்த்தி கன மீட்டருக்கு 870 கிலோ, ஓட்டையின் டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் (கணக்கில் வருகிற ஓட்டத்தில் எவ்வளவு பங்கு நிஜமாகப் போகும் என்கிற எண்) 0.62 என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உங்கள் வால்வில் எண்கள் கொஞ்சம் மாறும், ஏறும் விதம் மாறாது. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும். அதே ஓட்டம் போக வேண்டுமென்றால் வேகம் 4 மடங்காக வேண்டும். பிரஷர் வேகத்தின் வர்க்கப்படி ஏறுவதால் 16 மடங்கு. 8 பாரை 16 ஆல் பெருக்கிப் பாருங்கள், 128 வரும். வால்வின் முதல் மூன்று சுற்றில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்து, கடைசி அரைச் சுற்றில் எல்லாம் நடப்பதற்குக் காரணம் இந்த வர்க்கம்தான். வால்வில் கோளாறு இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, 4 மி.மீ.யிலும் 3 மி.மீ.யிலும் சிலிண்டருக்குப் போவது அதே 20 லிட்டர்தான். அளந்து கொட்டுகிற பம்புக்கு வேறு வழியே இல்லையே. ஓட்டையைச் சிறிதாக்கினால் ஆயில் ஓட்டைக்குள் இன்னும் வேகமாகப் போகிறது, அதற்கு வேண்டிய கூடுதல் பிரஷரைப் பம்ப் கொடுத்துவிடுகிறது, மோட்டார் கொஞ்சம் அதிக கரண்ட் இழுக்கிறது. சிலிண்டருக்கு இது எதுவும் தெரியாது. 63 மி.மீ. போரில் 20 லிட்டர் என்றால் வினாடிக்கு 10.7 செ.மீ. வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் 10.7, பாதி மூடியிருந்தாலும் 10.7.

அப்படியானால் வேகம் எப்போது குறையும்? ஆயிலுக்கு இன்னொரு வழி கிடைக்கும்போது. உங்கள் லைனில் அந்த இன்னொரு வழி ரிலீஃப் வால்வு. ஓட்டைக்கு வேண்டிய பிரஷரும் சுமைக்கு வேண்டிய 40 பாரும் சேர்ந்துதான் பம்ப் பக்கத்துக் கேஜில் தெரிகிறது. 3 மி.மீ.யில் 25 + 40 = 65 பார். ரிலீஃப் தூங்குகிறது. 2 மி.மீ.யை நெருங்கும்போது 127 + 40 = 167. அந்த இடத்துக்குப் போகும் முன்பே 160-ல் ரிலீஃப் திறந்துவிடும். அதற்கப்புறம் கேஜ் 160-ஐ விட்டு அசையாது. வால்வை மூட மூட ஆயில் சிலிண்டருக்குப் போகாமல் ரிலீஃப் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. நீங்கள் பார்த்த "சட்டென்று விழுந்த" இடம் இதுதான்.

சரி, ரிலீஃப் இல்லாவிட்டால்? அல்லது யாராவது அதைத் திருகி இறுக்கி வைத்திருந்தால்? அளந்து கொட்டுகிற பம்ப், வெளியே வழியில்லாத லைன். ஹோஸ் வெடிக்கும், பம்பின் ஷாஃப்ட் சீல் பிதுங்கும், கப்ளிங் அறுந்துபோகும், இல்லையென்றால் மோட்டார் ட்ரிப் ஆகும். எது பலவீனமோ அது முதலில் வழிவிடும். வேகம் குறையவில்லை என்று ரிலீஃபை இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இறுக்க இறுக்க அந்த நீடில் வால்வுக்கு வேகத்தைக் குறைக்கிற சக்தி போய்க்கொண்டிருக்கிறது.

இனி பாலிடெக்னிக் பாடத்துக்கு வருவோம். பெர்னூலி 1738-ல் அச்சிட்ட புத்தகத்திலிருந்து வந்த விஷயம் அது. ஒரே ஓட்டத்தில், ஒரே நேரத்தில், குழாயின் ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் அது ஒப்பிடுகிறது. வால்வைத் திருகுவதற்கு முன், திருகின பின் என்று இரண்டு நேரங்களை ஒப்பிடுவது அதன் வேலை கிடையாது. உங்கள் லைனிலேயே பொருத்திப் பாருங்கள். ரிலீஃப் திறந்திருக்கும்போது வால்வுக்கு முன்னால் 160 பார். 12 மி.மீ. குழாயில் ஆயில் நிதானமாக நகர்ந்து வருகிறது. ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில் அழுத்தம் ஏறக்குறைய 40 பாருக்கு விழுகிறது. அந்த 120 பார் எங்கே போனது? வேகமாக மாறிவிட்டது. கணக்குப் போட்டால் வினாடிக்கு 166 மீட்டர், மணிக்குச் சுமார் 600 கி.மீ. குறுகலில் வேகம் கூடிவிட்டது, அழுத்தம் குறைந்துவிட்டது, பெர்னூலி சொன்னபடியே. உங்கள் கேஜ் குறுகலுக்குள் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். வால்வுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கேஜ் போட்டுப் பாருங்கள். வால்வை எத்தனை திருகினாலும் சுமை மாறாதவரை அது 40-ஐச் சுற்றியே நிற்கும். ஒரு டீ ஜாயின்ட்டும் (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு) 100 பார் கேஜும்தான் செலவு, ஆனால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

குறுகலைத் தாண்டினதும் அந்த வேகம் திரும்ப அழுத்தமாக மாற வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள். மெதுவாக அகன்று போகிற வென்சுரிக் குழாயாக இருந்தால் பெரும்பகுதி மாறும். நீடில் வால்வில் அப்படி வழியில்லை. 166 மீட்டர் வேகத்தில் வருகிற தாரை, முன்னால் சும்மா நிற்கிற ஆயிலில் போய் மோதிச் சுழன்று அங்கேயே சூடாகிவிடுகிறது. 120 பார் இறக்கத்துக்கு, கடந்து போகிற ஆயில் ஒவ்வொரு முறையும் சுமார் 7 டிகிரி சூடேறும்.

இன்னொரு விஷயமும் இதில் ஒளிந்திருக்கிறது. ரிலீஃப் திறந்தபின் வால்வை 1.5 மி.மீ.க்கோ 1 மி.மீ.க்கோ குறைத்தாலும் ஓட்டைக்குள் வேகம் அதே 166-தான். இறக்கம் 120 பாரைத் தாண்ட முடியாது என்னும்போது வேகமும் தாண்டாது. ஆக "வேகம்" என்று சொல்லும்போது எங்கே இருக்கிற வேகம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குறுகலுக்குள் இருக்கிற வேகத்தை இறக்கம்தான் தீர்மானிக்கிறது. குழாயில் இருக்கிற வேகத்தை, ஆகவே சிலிண்டர் வேகத்தையும், எத்தனை லிட்டர் போகிறது என்பது தீர்மானிக்கிறது. ரிலீஃப் திறந்த பிறகு முதலாவது நிலைத்துவிடுகிறது, இரண்டாவது விழுகிறது.

தோட்டத்து ஹோஸில் கட்டை விரலை வைத்தால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுகிறதே, அதை இதற்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள் அதிகம். பாதிதான் பொருந்தும். உங்கள் மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், விரலை எப்படி வைத்தாலும் வினாடிக்கு 14 மீட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேறாது. விரல் இல்லாதபோது அந்த 14 கிடைக்காததற்குக் காரணம், நீளமான ஹோஸில் தண்ணீர் உராய்ந்தே பெரும்பகுதி அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. விரலை வைத்ததும் ஓட்டம் குறைகிறது, ஹோஸில் உராய்வும் குறைகிறது, மிச்சமான அழுத்தம் விரலடிக்கு வந்து சேர்கிறது. தொட்டியின் அடியிலேயே ஓட்டை போட்டுவிட்டு விரலால் பாதி மூடிப் பாருங்கள், தண்ணீர் ஒரு அடிகூடக் கூடுதலாகப் பாயாது. கியர் பம்பில் கதை வேறு. அங்கே ஓட்டம்தான் மாறாதது, தொட்டியில் அழுத்தம் மாறாதது.

கிணற்று மோனோபிளாக் இந்த இரண்டுக்கும் நடுவில். அது சென்ட்ரிஃப்யூகல் பம்ப், அளந்து கொட்டாது, சுழற்றி வீசும். கேட் வால்வை மூடினால் ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும், ஆம்ப்ஸ் குறையும், உள்ளே இருக்கிற தண்ணீர் சும்மா சுற்றிச் சூடாகும். அதனால்தான் பெரிய சென்ட்ரிஃப்யூகல் பம்புகளில் டெலிவரி வால்வை மூடிவைத்து ஸ்டார்ட் செய்வது வழக்கம். அந்தப் பழக்கத்தில் வந்த ஒருவர் பவர் பேக்கில் கை வைத்தால் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பம்புக்கு முன்னால் இருக்கிற மறிப்பு. பின்னால், டேங்கிலிருந்து ஆயில் உள்ளே வருகிற சக்‌ஷன் பக்கத்தில் மறித்தால் எல்லாமே தலைகீழ். டெலிவரியில் எத்தனை மறித்தாலும் தள்ளுவதற்கு மோட்டார் இருக்கிறது. சக்‌ஷனில் தள்ளுகிற ஆள் வெளியில் இருக்கிற காற்று மட்டும்தான், அதன் கையிருப்பு மொத்தமே 1 பார். பம்ப் இழுக்கிறது என்று சொல்கிறோமே தவிர, அது இடம் காலி செய்து வைக்கிறது, காற்றழுத்தம் ஆயிலை உள்ளே தள்ளுகிறது. பல கியர் பம்புகளுக்கு உள்வாயில் 0.3 பாருக்கு மேல் வெற்றிடம் ஆகாது. அதைத் தாண்டினால் ஆயிலில் கரைந்திருக்கிற காற்று குமிழாக வெளியே வரும். சாதாரண மினரல் ஆயிலில் கரைந்த காற்று கன அளவில் 9 சதவீதம் வரை இருக்கும், கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் குமிழ்கள் பல் வழியாக டெலிவரிப் பக்கம் போய் 100, 150 பாரில் நசுங்கி வெடிக்கும்போது தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிரஸ்ஸில் இதே சத்தம். கேஜ் முள் 60-க்கும் 90-க்கும் நடுவில் ஆடியது. நான் செய்த முதல் வேலை ரிலீஃபை இறுக்கியது. ஒன்றும் ஆகவில்லை. பம்ப் தேய்ந்துவிட்டது என்று புதிய பம்ப் போட்டோம். சத்தம் போகவில்லை. அதையும் குறை சொல்லி இன்னொன்று போட்டோம். மூன்றாம் நாள் ஒரு மூத்த ஃபிட்டர் வந்து டேங்க் மூடியைக் கழற்றச் சொன்னார். சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரை (ஆயில் வடிகட்டி) சுற்றி ஒரு பனியன் வேஸ்ட் துணி, சட்டை போட்டுவிட்ட மாதிரி கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. டேங்கைத் துடைத்தவர் உள்ளேயே விட்டிருக்கிறார். துடைத்தவர் நான்தான். அன்றிலிருந்து சத்தம் என்றால் முதலில் சக்‌ஷன் பக்கம் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர் எடுப்பேன்.

சக்‌ஷன் ஹோஸின் அளவும் ஒரு மறிப்புதான். 20 லிட்டருக்கு 25 மி.மீ. உள்விட்டம் போட்டால் ஆயில் வினாடிக்கு 0.7 மீட்டரில் வரும், நல்லது. கையில் இருந்ததே என்று டெலிவரிக்கு வாங்கின 12 மி.மீ. ஹோஸை மாட்டினால் 3 மீட்டர். டெலிவரியில் 3 மீட்டர் சாதாரணம், சக்‌ஷனில் பம்புக்கு எமன். குளிர்காலத்துக் காலையில் 68 கிரேடு ஆயில் தேன் மாதிரி இருக்கும்போது இன்னும் மோசம்.

ஆயிலின் கெட்டித்தன்மை உங்கள் நீடில் வால்வையும் தொடும். கூர்மையான விளிம்புள்ள ஓட்டையில் அதிக வித்தியாசம் இருக்காது. ஊசி வால்வின் நீண்ட மெல்லிய இடுக்கில் காலையில் செட் செய்த வேகம் ஆயில் சூடானதும் கூடிவிடும். சுமை மாறினாலும் வேகம் மாறும், ஏனென்றால் 160-ல் சுமை போக மிச்சம்தான் ஓட்டைக்குக் கிடைக்கிறது. இரண்டும் கூடாது என்றால் பிரஷர் காம்பன்சேட்டட் ஃப்ளோ கண்ட்ரோல் வால்வு வேண்டும். ஓட்டையின் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைச் சில பாரிலேயே பிடித்து வைக்கிற ஒரு ஸ்பூல் (முன்னும் பின்னும் நகர்கிற உருளை) அதற்குள் இருக்கிறது. நல்ல வகைகளில் ஓட்டையும் கூர் விளிம்போடுதான் இருக்கும்.

இப்போது உங்கள் சூட்டுக்கு வருகிறேன். பார், லிட்டர் இரண்டையும் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட். பம்ப் 160 பாரில் 20 லிட்டர் கொடுக்கிறது, 5.3 கிலோவாட். வால்வை 1.5 மி.மீ. அளவுக்கு மூடியிருந்தால் சிலிண்டருக்குப் போவது சுமார் 11 லிட்டர், வேகம் ஏறக்குறைய பாதி. சுமையைத் தள்ளுகிற உபயோகமான வேலை 40 பாரில் 11 லிட்டர், அதாவது 0.7 கிலோவாட். மிச்சம் 4.6-ல் பாதி ரிலீஃபிலும் பாதி நீடில் வால்விலும் சூடாகப் போகிறது. வீட்டு 2 கிலோவாட் கீசர் இரண்டை டேங்குக்குள் இறக்கிவிட்டதைவிட அதிகம். ஆயில் கொதிக்காமல் என்ன செய்யும்?

உங்கள் வேலைக்கு நான் சொல்வது ப்ளீட் ஆஃப். நீடில் வால்வை டெலிவரி லைனிலிருந்து எடுத்துவிட்டு, அதே லைனில் ஒரு டீ போட்டு, டீயிலிருந்து டேங்குக்குப் போகிற கிளையில் அந்த வால்வைப் போடுங்கள். மூடியிருந்தால் முழு வேகம், திறக்கத் திறக்க மெதுவாகும். ஆரம்பத்தில் கை குழம்பும், பழகிவிடும். வேண்டாத 9 லிட்டர் இப்போது 160 பாரில் ரிலீஃபைத் தள்ளிக்கொண்டு போகாமல், சுமையின் 40 பாரிலேயே டேங்குக்குப் போய்விடும். பம்ப் பக்கத்துக் கேஜும் 40-ல்தான் நிற்கும். சூடாவது 4.6 கிலோவாட்டிலிருந்து 0.6-க்கு இறங்கும். அதே வால்வு, அதே வேகம்தான், ஆயிலுக்கு வழி எங்கே வைத்தோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. குறை ஒன்று உண்டு. சுமை ஏறி இறங்கினால் வேகமும் அலையும். உங்களுடையது மாறாத சுமை என்கிறீர்கள், ஆகவே பரவாயில்லை. நாள் முழுக்க ஓடுகிற மெஷின் என்றால் வால்வையே யோசிக்காமல் 8 சிசி பம்ப் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

சிலர் உங்களுக்கு மீட்டர் அவுட் போடச் சொல்வார்கள், அதாவது சிலிண்டரிலிருந்து வெளியேறுகிற ஆயிலை மறிப்பது. சுமை கீழ்நோக்கித் தானே இழுத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் அதுதான் சரி, பம்ப் பக்கத்தில் போடுகிற நீடில் வால்வு அதைப் பிடித்து நிறுத்தாது. ஆனால் உங்கள் ராடு (பிஸ்டனிலிருந்து வெளியே வருகிற தண்டு) 45 மி.மீ. என்றால் ராடு பக்கத்துப் பரப்பு பிஸ்டன் பக்கத்தில் பாதிதான். சுமை இல்லாத நேரத்தில் வால்வை இறுக மூடினால் பிஸ்டன் பக்கம் 160 பார் தள்ள, ராடு பக்கம் 326 பார் பிறக்கும். உங்கள் ரிலீஃபுக்கு அது தெரியவே தெரியாது, அது இருப்பது பம்ப் பக்கம். போடுவதானால் ராடு பக்கத்து ஹோஸும் சீலும் அந்த அளவைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டீ போட்டு முதல் முறை ஓட்டும்போது கசிவு இருக்கிறதா என்று ஜாயின்ட்டில் கையால் தடவிப் பார்க்க வேண்டாம். 160 பாரில் ஊசித் துளை வழியாக வருகிற ஆயிலின் வேகம் வினாடிக்கு 190 மீட்டருக்குப் பக்கம். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி மட்டும் தெரியும், சில மணி நேரத்தில் விரலே போகிற நிலை வரும். அப்படி ஆனால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டை நீட்டினால் போதும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டேங்க் சூடு எவ்வளவு, கேஜ் எவ்வளவில் நிற்கிறது என்று எழுதுங்கள். கேஜ் அப்போதும் 160-ல் நின்றால் சிலிண்டர் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது, வால்வில் தேட வேண்டாம்.